பூ தூவும் டிசைன்

பள்ளிக்கூடத்தில் 'கம்ப்யூட்டர் தெரிந்த வாத்தியார்' என்று பேர் எடுப்பதும் ஊரில் 'பாம்பு பிடிக்கத் தெரிந்த ஆள்' என்று பேர் எடுப்பதும் ஒன்றுதான். என்றைக்காவது ஒருநாள் கடி நிச்சயம். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் என்பது எழுத்துக்குக் கலர் மாற்றுவது, அதைப் பறந்து வரச் செய்வது, அவ்வளவுதான். ஆனால் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் நான் வேலை பார்த்த அந்தச் சின்ன ஆரம்பப் பள்ளியில் மொத்தமே இரண்டு ஆசிரியர்கள். இன்னொருவரான ஹெச்.எம். வசந்தா டீச்சருக்கு அதுவும் தெரியாது. அதனால் நான் மேதை.

எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். பிரச்சினையே அந்த வேன்தான். ஒரு தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. இன்னும் நாலு பிள்ளைகள் அதில் ஏறிவிட்டால் எங்கள் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு.

"அவன் டி.வி.ல பாடம் நடத்துறானாம் சார். நாமளும் எதாவது காட்டணும். இல்லன்னா ஜூன்ல பெஞ்சுக்குத்தான் பாடம் எடுக்கணும்" என்றார் டீச்சர்.

"விடுங்க டீச்சர், அசத்திடுவோம்" என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

என் திட்டம் இதுதான். கோடை லீவுக்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டு, புரொஜெக்டர் வைத்துச் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் காட்டுவது. பிள்ளையே வந்து பட்டனை அமுக்கினால் அதன் குரல் பேசும். டிசைனுக்கு எங்கே போவது? என் மனைவியின் தம்பி சரவணன் திருவையாற்றில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாண சீசன், தலையைச் சொறியக்கூட அவனுக்கு நேரமில்லை. ஒரு பென்டிரைவைக் கையில் திணித்து, "எல்லாம் இதுல இருக்கு மாமா, நல்லதா பாத்து எடுத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டான்.

நல்லதாகத்தான் பார்த்து எடுத்தேன். இரண்டு பக்கமும் சுடர் ஆடும் குத்துவிளக்கு. மேலிருந்து பூ தூவிக்கொண்டே இருந்தது. பின்னணியில் மேகம், நடுவில் ஓர் ஒளி. கல்வி ஒளி என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். படத்தைச் சுற்றி மாலை. பாராட்டு விழாவில் போடுவதில்லையா? பேருக்குக் கீழே இரண்டு தேதிக்கு இடம் இருந்தது. முதலில் பிறந்த தேதியை அடித்தேன். இரண்டாவதற்கு என்ன போடுவது என்று யோசித்து, பள்ளியில் சேர்ந்த தேதியைப் போட்டேன். பின்னால் ஒரு புல்லாங்குழல் வேறு அழுதுகொண்டிருந்தது. பிள்ளைகள் பேசி முடிக்கும்போது மரியாதையாக "போயிட்டு வரேன்" என்று சொல்ல வேண்டும் என்பது மட்டும் வசந்தா டீச்சரின் யோசனை. ஒரு கூமுட்டை போதாதென்று இரண்டாகச் சேர்ந்திருக்கிறோம்.

உளுந்து பறிக்கிற நேரம். அரைநாள் வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் மஞ்சுளா. போன வருஷம் வயலில் மோட்டார் போடப் போன அவள் புருஷன் கரன்ட் அடித்து இறந்துபோயிருந்தார். ஒரே மகன் கவின் எங்களிடம் இரண்டாம் வகுப்பு. அவனை வேனில் ஏற்றிவிடச் சொல்லி அவள் அண்ணன் நெருக்கிக்கொண்டிருந்தார். மஞ்சுளா இருந்தால் அவள் சொந்தபந்தம் குடியிருக்கும் அந்தத் தெருவே எங்களோடு இருக்கும், போனால் தெருவே போய்விடும். அதனால் நான் முதல் படமாகக் கவினையே வைத்திருந்தேன். என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்.

ஜன்னலுக்கெல்லாம் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கினோம். கவின் வந்து பட்டனை அமுக்கினான். சுவர் முழுக்க அவன் முகம். விளக்கு எரிந்தது, பூ விழுந்தது. "என் பேரு கவின். எனக்கு தயிர்சாதம் புடிக்கும். நான் போயிட்டு வரேன்" என்றது ஸ்பீக்கர்.

யாரும் மூச்சு விடவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

கவின் திரும்பிக் கைதட்டினான். "அம்மா! அப்பா மாதிரியே நானும் வந்துட்டேன் பாரு!"

அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அவன் அப்பா படமும் இதே டிசைன், சரவணன் கடையில் போட்டது. மஞ்சுளா கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தியது பக்கத்து வீட்டு அம்சவல்லி அக்கா. "அய்யய்யோ! உசுரோட இருக்கற புள்ளைக்கு மாலை போட்டுட்டீங்களே சார்! நீங்க நல்லாருப்பீங்களா?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பாய்ந்துபோய் ஒரு பட்டனை அமுக்கினேன். படம் மூடவில்லை, அடுத்த பிள்ளை வந்தது. அதன் அப்பா, "என்னய்யா இது!" என்று எழுந்தார். இன்னொரு பட்டன், இன்னொரு பிள்ளை. "நான் போயிட்டு வரேன்." ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வீட்டு அலறல். இதற்கு நடுவே பிள்ளைகள், "என்னுது சார், என்னுது காட்டுங்க சார்" என்று குதிக்கின்றன. கடைசியில் வசந்தா டீச்சர் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

மறுநாள் காலையில் பள்ளி வாசல் பூராவும் மிளகாய் நெடி. தாய்மார்கள் உப்பும் மிளகாயுமாக வந்து, அங்கேயே பிள்ளைகளை உட்காரவைத்துச் சுற்றிப் போட்டார்கள். இருமிக்கொண்டே பிரேயர் பாடினோம்.

மஞ்சுளா அதற்கு வரவில்லை. இடைவேளையில் டி.சி. கேட்டு வந்தாள்.

"தெரியாம நடந்துபோச்சும்மா. மன்னிச்சுக்கம்மா" என்றேன். அவள் காலில் விழுந்திருப்பேன். அவள்தான் தள்ளி நின்றாள்.

"உங்க மேல கோவம் இல்லைங்க சார். ராத்திரி பூரா அவன் மூக்குல விரல வெச்சுப் பாத்துக்கிட்டே கெடந்தேன், மூச்சு வருதான்னு. இந்தச் செவுத்தப் பாத்தா எனக்கு அதான் ஞாபகம் வருங்க."

டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அந்தத் தெருவே டி.சி. வாங்கியது. ஜூனில் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள்.

இப்போதும் எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் போட்டோ எடுக்கும்போது சரவணன் ஆரம்பித்துவிடுவான். "மாமாவ கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் விட்டுடாதீங்கப்பா, பொண்ணு மாப்பிள்ளைய மேல அனுப்பி வெச்சுடுவாரு!" புதிதாக வந்த சம்பந்தி யாராவது என்னவென்று கேட்பார். உடனே முழுக்கதையும் நடக்கும். நான் தப்புத் தப்பாகப் பட்டன் அமுக்குவதை என் மனைவியே நடித்துக் காட்டுவாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அவர்கள் சொல்லும் கதையில் கவின் பட்டனை அமுக்குகிறான், ஊரே அலறுகிறது. நடுவில் 'அப்பா மாதிரியே' என்று அவன் கைதட்டியது அதில் இல்லை. அதை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை.