ஐஸ் இல்லாத ஊருக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர்

"கனடாக்கார மேனேஜர்கிட்ட ட்ரான்ஸ்ஃபர் கேக்கணும்னா, முதல்ல அவரு மனசுல இடம் பிடிக்கணும் அப்பு."

"அதுக்கு நான் என்ன செய்யணும் அண்ணே?"

"ஐஸ் ஹாக்கி. அவருக்கு அதுதான் உசுரு."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அமீரகத்தின் அல் ஐன் நகரில் தொழிலாளர் கேம்ப் வாசலில் மேனேஜரின் காரைத் துடைத்தபடி டிரைவர் கார்மேகம் சொன்ன யோசனை அது. அதை நம்பித்தான் ஏ.சி. டெக்னீஷியன் கிறிஸ்துதாஸ், வெளியே நாற்பத்திரண்டு டிகிரி வெயில் கொளுத்த, ஐஸ் அரங்கத்துக்குள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

அரங்கம் ஒரு பூங்காவுக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அங்கே குடும்பங்களுக்கு மட்டும்தான் அனுமதி. தனி ஆண்கள் வாசலோடு சரி. மேனேஜர் கோர்டன் கையில் பாஸ் இருந்ததால் காவலாளி சலாம் போட்டு எல்லோரையும் உள்ளே விட்டான்.

இன்று சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். அல் ஐனுக்கும் அபுதாபிக்கும். கிறிஸ்துதாஸின் இடப்பக்கம் கோர்டன். வலப்பக்கம் மனைவி சுகிர்தராணி, நாட்டின் மறுகோடியில் ஃபுஜைராவில் நர்ஸ். பின்வரிசையில் காபி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு கார்மேகம்.

கல்யாணமாகி மூன்று வருஷம். புருஷனும் மனைவியும் முகம் பார்ப்பது மாதத்துக்கு இரண்டே வெள்ளிக்கிழமை. இப்போது ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கணவன் வந்து சேராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனியின் ஃபுஜைரா சைட்டில் ஒரு டெக்னீஷியன் இடமும் காலி.

"எப்பம் கேக்கப் போறீங்க?" என்று சுகிர்தராணி காதருகே கேட்டாள்.

"அல் ஐன் ஜெயிச்ச உடனே. சந்தோஷமா இருக்கும்ப கேட்டா தருவாரு."

"இதுல அல் ஐன் எது?"

"போன வாரம் சிவப்பு போட்டிருந்தாவ. இன்னைக்கு ரெண்டு பக்கமும் வேற கலரு."

"பிறகு எப்படிக் கை தட்டுவீங்க?"

"கார்மேகம் அண்ணன் முதுகுல தட்டுவாரு. உடனே நான் எந்திச்சுருவேன்."

அவள் ஆர்வமாக முன்னால் குனிந்தாள். "எல்லாரும் எதை விரட்டுதாவ?"

"கறுப்பா ஒரு வட்டு. நம்ம ஊருக் கருப்பட்டி மாதிரி."

"கண்ணுலயே படல்லியே!"

"எனக்கும் இதுவரை பட்டதில்ல."

அப்போது முதுகில் ஏதோ இடித்தது. கிறிஸ்துதாஸ் துள்ளி எழுந்து, "யல்லா! யல்லா!" என்று கத்தினான். ஒரு நொடி தாமதித்துக் கோர்டனும் எழுந்து கை தட்டினார்.

சுற்றிலும் அல் ஐன்காரர்கள் இருவரையும் முறைத்தார்கள். கோல் போட்டது அபுதாபி. இடித்தது பின்னால் இருந்த குழந்தையின் கால்.

"யார் ஆடினாலும் நல்ல ஆட்டம் நல்ல ஆட்டம்தானே சார்!" என்று தன் ஆங்கிலத்தில் சமாளித்தான் கிறிஸ்துதாஸ்.

கோர்டன் நெகிழ்ந்துபோனார். "கிறிஸ், உன்னைப் போல ஒரு ரசிகனை நான் கனடாவில்கூடப் பார்த்ததில்லை."

சற்று நேரத்தில் ஓர் ஆட்டக்காரனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்கள். "அவனுக்கு என்ன?" என்று சுகிர்தராணி கேட்டாள். கோர்டனும் பதிலுக்காகக் கிறிஸ்துதாஸின் முகத்தையே பார்த்தார்.

"கால்... கால் வலி."

"காலாவது வலியாவது!" பின்னாலிருந்து கார்மேகத்தின் குரல் கீச்சிட்டது. "கட்டையால அடிச்சதுக்கு ரெண்டு நிமிஷம் தண்டனை அப்பு!"

டிரைவர் என்றால் நாலு இடம் போய் நாலு விஷயம் தெரிந்து வைத்திருப்பார் என்று கிறிஸ்துதாஸ் நினைத்துக்கொண்டான்.

இடைவேளையில் ஐஸை மழமழப்பாக்கும் வண்டி வந்தது. அவனுக்குப் புரிந்த ஒரே சங்கதி அதுதான். "ஐஸுக்கு அடியில பைப்பு ஓடுது பாத்துக்க. வெளிய இந்த வெயிலு, உள்ள இந்தக் குளிரு. கம்ப்ரஸர்காரன் கையில மோதிரம் போடணும்!" முதல் தடவையாக மனசாரக் கை தட்டினான்.

அந்த முகமலர்ச்சியைப் பார்த்த கோர்டன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். "அடுத்த சீசன் முழுவதற்கும் பாஸ். வெள்ளிக்கிழமை ஒன்றுகூடத் தவறாது, கிறிஸ்!"

மனைவியைப் பார்க்க இருந்த இரண்டு வெள்ளியும் போயிற்று. சுகிர்தராணியின் கைப்பைக்குள் சாவி கிலுங்கியது.

கடைசி நிமிஷத்தில் அபுதாபி இன்னொரு கோல் போட்டது. அல் ஐன் தோற்றது. அரங்கம் அடங்கிப்போனது. பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்.

சந்தோஷத்தில் கேட்கும் திட்டம் கலாஸ், முடிந்தது. இனி துக்கமாவது காட்டுவோம் என்று கிறிஸ்துதாஸ் முகத்தைக் கைகளில் புதைத்தான். கோர்டன் அவன் தோளை அணைத்துக்கொண்டார். "அழாதே. அடுத்த வருஷமும் நாம் இதே இடத்தில் இருப்போம்."

சுகிர்தராணி கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து, கணவனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். சாவி சூடாக இருந்தது.

"சார்," என்றான் கிறிஸ்துதாஸ். இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்டது வெளியே வந்துவிட்டது. "என்னை ஃபுஜைராவுக்கு மாத்துங்க சார். என் வீட்டுக்காரி அங்க இருக்கா."

கோர்டன் திகைத்துப்போனார். "ஃபுஜைராவா? போன வருஷமே உன் பெயரைத்தான் எழுதினேன். ஐஸ் இல்லாத ஊரில் நீ வாடிப்போவாய் என்று கார்மேகம் சொன்னதால் அடித்துவிட்டேன். உனக்காகத்தானே இரண்டு வருஷமாக இந்தக் குளிரில் உட்காருகிறேன்? எனக்கு இந்த ஆட்டத்தில் ஒன்றுமே தெரியாது!"

மூன்று பேரும் பின்னால் திரும்பினார்கள்.

கார்மேகம் சட்டைக்குள் ஒளித்துக் கட்டியிருந்த அல் ஐன் அணியின் துண்டை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை தனி ஆம்பளையா வந்தா வாசல்லயே திருப்பி விட்டுர்றாய்ங்க அப்பு... நான் வேற எப்படித்தான் ஆட்டம் பாக்குறது?"