உன் வேண்டுதலும் என் முழங்காலும்

ஓரித் ஏரிக்கரை,
ஜூலை ஐந்து.

மெல்போர்னில் வீடு, கார், இதயத்தில் புது வால்வு சகிதம் வாழ்ந்துவரும் தம்பி ஸ்பாசேவுக்கு, அண்ணன் மெத்தோதி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் நலமில்லை, உன் அண்ணி பிளகூனாவும் நலமில்லை. உன் நலத்தைக் கேட்க அவசியமில்லை, அதைப் படத்திலேயே பார்த்துவிட்டோம். அந்தப் படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நீ சொன்ன காரியம். ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு, 'நவூம் சாமி, என்னைப் பிழைக்க வை, உன் திருநாளுக்கு ஓரித்திலிருந்து மடம்வரை வெறுங்காலில் நடந்து வந்து ஆட்டுக்குட்டி தருகிறேன்' என்று வேண்டிக்கொண்டவன் நீ. பிழைத்தவனும் நீ. நடந்தவன் மட்டும் நான். ஒன்பது வருஷமாகப் பேசாத தம்பி போன் பண்ணி, "அண்ணே, டாக்டரு பிளேன் ஏறக் கூடாதுன்னுட்டாரு. நீ போனா நான் போன மாதிரிதானே? ஒரே ரத்தம்தானே?" என்று மூக்கை உறிஞ்சினால் எழுபது தாண்டியவன் என்ன செய்வான்? வேண்டுதல் பாக்கி இருந்தால்தான் உனக்கு ரத்தம் ஞாபகம் வருகிறது.

இருபத்தொன்பது கிலோமீட்டர், ஸ்பாசே. தார் ரோடு, ஜூலை வெயில், இடது பாதத்தில் ஆணி, வலது முழங்காலில் வலி, கையில் கயிறு, கயிற்றின் அந்த முனையில் உன் ஆட்டுக்குட்டி. உன் அண்ணி பக்கத்து வீட்டுக்காரன் காரில் ஏறிக்கொண்டு என் பின்னாலேயே ஊர்ந்து வந்தாள், உதவிக்கு அல்ல, வர்ணனைக்கு. "கொஞ்சம் எட்டிப் போடுங்க, குட்டி உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது பாருங்க!" பாதி வழியில் அதுவும் படுத்துவிட்டது, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டேன், ஒரு ஜெர்மன்காரி பஸ்ஸிலிருந்து இறங்கி என்னைப் படம் எடுத்துச் சிலுவையும் போட்டுக்கொண்டாள், சரியாக அந்த நேரம் பார்த்துக் குட்டி என் முதுகில் மூத்திரம் பெய்தது.

மடத்தில் கோவிலை மூன்று சுற்று சுற்ற வேண்டுமா, இரண்டாம் சுற்றில் குட்டி கயிற்றை உருவிக்கொண்டு ஓடி, பக்கத்து நாட்டிலிருந்து எல்லை தாண்டி வந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தின் சாப்பாட்டு விரிப்பில் போய் நின்றது. பிடித்துக் கொடுத்தவர் பெயர் ஃபாதில். மகளுக்குப் பார்வை சரியாக வேண்டி வந்தவர். பிளகூனா நன்றி சொல்லிவிட்டு நிறுத்தினாளா?

"நீங்களும் எங்க நவூம் சாமிய கும்பிடுவீங்களா? மாட்டைக் கொன்ன கரடியையே மாட்டுக்குப் பதிலா வண்டியில பூட்டினவராச்சே!"

"உங்களுக்கு நவூம், எங்களுக்கு சால்தூக் பாபா, அக்கா. பல தலை நாகத்தை வெட்டினவரு. சாகறப்ப ஏழு சவப்பெட்டி செஞ்சு ஏழு நாட்டுக்கு அனுப்பச் சொன்னாரு. எந்த நாட்டுல தொறந்தாலும் உள்ள அவரேதான்."

"ஏழுலயுமா?"

"பின்ன? யாரையும் ஏமாத்தக் கூடாதுல்ல."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செத்த மனிதர் ஏழு நாட்டுக்குப் போயிருக்கிறார். உயிரோடு இருக்கிற நீ, அப்பா பெட்டிக்குள் கிடந்தபோது ஒரு நாட்டுக்கு வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். நீ தூக்க வேண்டிய இடத்தில் தபால்காரன் தூக்கினான், ஸ்பாசே. அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பிறகு சமாதி. கல்லில் காதை வைத்தால் சாமியின் இதயம் துடிப்பது கேட்கும். சின்ன வயதில் உன்னைத் தூக்கிப் பிடித்துக் கேட்க வைத்தவன் நான்தான். ஃபாதிலுக்குக் கேட்டது, அவர் மகளுக்குக் கேட்டது, பிளகூனாவுக்குக் கடிகாரம் மாதிரி கேட்டதாம். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "தம்பிய மனசுக்குள்ள திட்டிக்கிட்டே காதை வெச்சா என்னத்தக் கேக்கும்?" என்றாள் உன் அண்ணி. திட்டியது வாஸ்தவம். ஏனென்றால் வரிசையில் நிற்கும்போதுதான் உன் மகள் அனுப்பிய படம் அண்ணியின் போனில் வந்தது: பாலித் தீவில் நீ, கையில் இளநீர், அதில் ஒரு ஸ்ட்ரா. மெல்போர்னிலிருந்து பாலிக்கு நடந்தா போனாய்?

போகட்டும். ஆட்டுக்குட்டியை ஒப்படைத்தாயிற்று. உனக்கும் சாமிக்கும் பாக்கி இல்லை. உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை. இனி போன் வேண்டாம். நவூம் சாமியோ, சால்தூக் பாபாவோ, அந்தக் கல்லுக்குள் யார் இருந்தாலும் உன்னையும் உன் குடும்பத்தையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு அண்ணனாக இருந்த
மெத்தோதி

பி.கு.: ஆட்டுக்குட்டியைக் கொடுக்கவில்லை. படத்தைப் பார்த்த கோபத்தில், "இது ஸ்பாசேவோட வேண்டுதல், அவனே வந்து தருவான்" என்று சாமியிடம் சொல்லிவிட்டு, காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது கொல்லையில் அண்ணியின் தக்காளிச் செடிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. நான் நடந்ததும் கணக்கில் சேராது, கடைசி ஆறு கிலோமீட்டர் நானும் காரில்தான் போனேன். ஆகவே உன் வேண்டுதல் அப்படியே இருக்கிறது. அடுத்த ஜூலையில் குட்டி பெரிய கிடாவாகி இருக்கும். இழுப்பது உன் பாடு, நான் பக்கத்தில் நடக்கிறேன். அதற்கு மேல் தள்ளிப்போடாதே, வந்துவிடுடா. உன்னைப் பார்க்க வேண்டும்.