அளவுக்கு மீறித் திருந்திய பாண்டிமீனா

பதின்வயதினரின் நடத்தைக் கோளாறுகளுக்கு ஆன்மிகப் பற்றாக்குறையே காரணம் என்று மேலிடம் ஒரு செவ்வாய்க்கிழமை கண்டுபிடித்தது. புதன்கிழமையே எல்லாப் பள்ளிகளுக்கும் உத்தரவு வந்துவிட்டது: கோளாறுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாத நன்னெறி முகாம் நடத்தி, திருத்தி, தெரிவிக்கவும்.

செல்லூர்ப் பள்ளியின் தலைமையாசிரியை சரண்யாதேவி அதிகம் யோசிக்கவில்லை. பிளஸ் ஒன் பாண்டிமீனாவைத்தான் முதலில் சொன்னார். லீவு வேண்டும்போதெல்லாம் பாண்டிமீனாவின் பெரியப்பா இறந்துபோவார். கடைசியாக அவர் இறந்த மறுநாள், அவரே அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு பள்ளி வாசலில் வந்து நின்றார்.

முகாமை நடத்த வந்தவர் மாவட்ட நன்னெறி ஒருங்கிணைப்பாளர் சோலை. அதற்கு முன் மாட்டுத்தீவனப் பிரிவில் இருந்தவர் என்பதால் அனுபவத்துக்குக் குறைவில்லை.

"எல்லாரும் கண்ண மூடுங்க. பொய் சொல்ற வாயில எந்தச் சாமியும் குடியிருக்காது. யாரப் பத்திப் பொய் சொன்னீங்களோ அவங்க முகத்த நெனச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, போன் பேச வெளியே போனார்.

பாண்டிமீனா நினைத்துப் பார்த்தாள். தான் செத்துப்போன செய்தியை வாசலில் டீச்சர் வாயால் கேட்ட பெரியப்பா, அவளைக் காட்டிக்கொடுக்காமல், "ஆமா டீச்சர், நேத்துக் கொஞ்சம் முடியாமத்தான் கெடந்தேன்" என்று சொன்ன முகம். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அன்றோடு பொய்யை விட்டுவிட்டாள்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. திட்டத்தில் அதற்கு வழிவகையும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணனைப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா சும்மா ஒரு பேச்சுக்கு, "மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் இல்லையேம்மா?" என்றார்.

"சாயங்காலமானா குடிப்பாரு அத்தை. லீவுன்னா காலையிலயே" என்றாள் பாண்டிமீனா.

வந்தவர்கள் காபியை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

மறுவாரம் முகாமைப் பார்வையிடச் சென்னையிலிருந்து உயர் அதிகாரி வந்து ஒரு மணி நேரம் பேசினார். சோலை பெருமையோடு பாண்டிமீனாவை முன்னால் நிறுத்தினார்.

"தியானம் தினமும் நடந்ததாம்மா?"

"மொத ரெண்டு நாள் நடந்துச்சு சார். அப்புறம் ஒரே நாள்ல வேற வேற சட்டையப் போட்டுக்கிட்டு வரச் சொல்லி போட்டோ மட்டும் எடுத்தாங்க."

அதிகாரி சிரித்துச் சமாளித்தார். "சரி, என் பேச்சு எப்படி இருந்தது?"

"தெரியல சார், தூங்கிட்டேன். டீச்சருங்களும் தூங்கினாங்க."

அன்று மாலையே தலைமையாசிரியை அறையில் அவசரக் கூட்டம். பாண்டிமீனாவோடு அவளுடைய அப்பா காளையும் வரவழைக்கப்பட்டார். விசைத்தறியை நிறுத்திவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்திருந்தார்.

"உண்மை பேசச் சொன்னது வாஸ்தவம்தான். அதுக்காக நெசமாவே பேசிக்கிட்டுத் திரியிறதா? இது அதீத ஒழுக்கம். மத்த பிள்ளைகளுக்கும் தொத்திக்கிட்டா என்ன ஆகுறது?" என்றார் சோலை.

"டிசி குடுக்குறதத் தவிர வேற வழியில்ல" என்றார் சரண்யாதேவி.

காளை கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, பிள்ள முன்னாடியெல்லாம் நல்லாத்தான் பொய் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. உங்க முகாமுக்கு வந்துதான் கெட்டுப்போச்சு. எப்படியாச்சும் பழையபடி ஆக்கிக் குடுத்துருங்க. படிப்ப நிப்பாட்டிப்புடாதீங்க."

அப்பா அப்படிக் குனிந்து நின்று அவள் பார்த்ததில்லை.

"இனிமே இடம் பார்த்துப் பேசுவியா?" என்றார் சோலை.

"பேசுறேன் சார்."

"முகாம் எப்படி இருந்துச்சு?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருந்துச்சு சார். தினமும் தியானம் பண்ணோம்."

சரண்யாதேவி நிம்மதியாக மின்விசிறியைப் போட்டார். காளைக்குக் கண் கலங்கிவிட்டது.

நிறைவு விழாவில் 'நன்னெறிச் செல்வி' பட்டம் பாண்டிமீனாவுக்கே கிடைத்தது. அதே உயர் அதிகாரி பொன்னாடை போர்த்தினார். கோரிப்பாளையம் வரைக்கும் கேட்கும் ஒலிபெருக்கியில் அவளைப் பேசச் சொன்னார்கள்.

"என்னைத் திருத்துனது பெரியவங்கதான். எங்க அப்பா, எங்க டீச்சர், சோலை சார், இங்க உக்காந்திருக்குற எல்லா அப்பா அம்மாவும் வாழ்க்கையில பொய்யே சொன்னதில்ல" என்றாள்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.