படகுக்காரருக்கு அம்மை

"இந்தக் குடும்பம் இதுவரைக்கும் கரையில நின்னது போதும்" என்று சுதர்ஷன் அறிவித்தபோது கனகலக்ஷ்மி ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எங்கே நிக்கறதா உத்தேசம்?"

"தண்ணியில!"

"குழாய்ல தண்ணி வந்தே நாளாச்சு. எங்கே ஒளிச்சு வச்சிருக்கேள்?"

"காவேரியில. கனகம், நான் படகு வாங்கிட்டேன்."

புளி கரைத்த கை அப்படியே நின்றது. மைசூரில் ரயில்வே கணக்கு ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் மனை வாங்குவார்கள், ஸ்கூட்டர் வாங்குவார்கள், பெரிய மனசு பண்ணினால் பெண்டாட்டிக்கு மைசூர் சில்க் வாங்குவார்கள். படகு வாங்கியவர் இவர் ஒருவர்தான். வீட்டுக்குக் கேபிள் டிவி வந்த புதிது. அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் அரை டிராயரோடு ஏரியில் துடுப்பு போட்டதைப் பார்த்ததிலிருந்தே சுதர்ஷனின் பார்வை சரியாக இல்லை. இருபத்தைந்து வருஷமாக மற்றவர்கள் கூட்டிய கணக்கைச் சரிபார்த்தே தேய்ந்த தம் உடம்புக்குள் ஒரு மாலுமி மூச்சு முட்டிக் கிடப்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார்.

"நீச்சல் தெரியுமோ உங்களுக்கு?"

"படகுக்குத் தெரிஞ்சா போறும்."

படகு மறுநாள் டெம்போவில் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சித்தையன் என்பவருடைய தோட்டத்தில் கவிழ்ந்து கிடந்த ஃபைபர் கிளாஸ் படகு. எந்தக் காலத்திலோ எந்த ஏரியிலோ ஜோடிகளை ஏற்றிக்கொண்டு சுற்றியது. கடைசியாக அதில் குடியிருந்தவை சித்தையனின் கோழிகள். அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கோழி தலையை நீட்டி வானிலை பார்த்துக்கொள்ளுமாம். கோழிகள் இறங்கிவிட்டன, வாசனை இறங்கவில்லை.

படகு நேராகக் கார் ஷெட்டுக்குள் போனது. அங்கேதான் வந்தது வினை.

சுதர்ஷனின் அப்பா காலத்தில் கார் இருந்தது, ஷெட்டும் இருந்தது. இப்போது ஷெட் மட்டும்தான். அதில் நாலு பெஞ்சைப் போட்டு, பேட்டைப் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தவேண்டுமென்று கனகலக்ஷ்மி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கான்வென்ட்டில் கன்னியாஸ்திரீகளிடம் முட்டிபோட்டுக் கற்ற இங்கிலீஷ், பால்காரரிடமும் கேஸ்காரரிடமும் வீணாகிக்கொண்டிருந்தது. "நாளைக்கு நாம கார் வாங்கினா எங்கே நிறுத்தறது?" என்றே சுதர்ஷன் தட்டிக் கழித்துவந்தார்.

"கார் நிறுத்தற இடம்னேளே?"

"இதுவும் வாகனம்தானே?"

"ஓட்டை வாகனம்."

"அடைச்சுட்டா? கனகம், கேட்டுக்கோ. யுகாதிக்குள்ள இந்தப் படகு காவேரியில மிதக்கும். மிதக்கலேன்னா ஷெட் உனக்கு. நாற்காலி போடு, கரும்பலகை மாட்டு, நான் வாயே திறக்கலை."

"இதை நாலு பேர் முன்னாடி சொல்லுங்கோ."

நாலு பேருக்கு எங்கே போவது? காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் தயாராக நின்றிருந்தார்கள். டிராஃபிக் எஸ்.ஐ. பசவராஜும் அவர் மனைவி தேவம்மாவும். கொள்ளேகால் பக்கத்துக்காரர்கள். பசவராஜ் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். கோபம் வந்தால் இரண்டையும் விட்டுவிட்டுக் கையால் பேசுவார் என்று பேட்டையில் ஒரு பேச்சு உண்டு.

"ஆயித்து சார், நானே சாட்சி" என்றார் பசவராஜ்.

"நானும்தான்" என்றாள் தேவம்மா. வகுப்பு வந்தால் முதல் பெஞ்சு தனக்கென்று அவள் எப்போதோ சொல்லிவைத்திருந்தாள். சுதர்ஷனுக்கு அது தெரியாது.

சங்கராந்தி போய், மாசி பிறந்து, படகு ஷெட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது. ஓட்டையை அடைக்க ரெசின் என்கிற பிசின் வேண்டும். ரெசின் இறுகுவதற்கு ஹார்டனர் என்று ஒன்று சில சொட்டு விடவேண்டும். ஆபீஸில் காலணாவுக்குக் கூடக் கணக்குப் பார்க்கிற சுதர்ஷன் வீட்டில் தாராளப் பிரபு. சொட்டு விடாமல் ஊற்றினார். அதுவும் எதில்? கனகலக்ஷ்மி போளிக்குப் பூரணம் கிண்டுகிற அடிகனமான பாத்திரத்தில். கிளறிக்கொண்டிருக்கும்போதே அது புகைந்தது, கொதித்தது, கல்லானது. கரண்டி நட்ட நடுவில் கொடிமரம் மாதிரி நின்றது.

கனகலக்ஷ்மி கரண்டியைத் தூக்கினாள். பாத்திரமும் கூடவே வந்தது.

"பேஷ். இனிமே கரண்டி எங்கேன்னு தேட வேண்டாம்."

"முதல் தடவை கொஞ்சம் கை தவறிடுத்து. வேற பாத்திரம் குடேன்."

"படகையே உபயோகப்படுத்திக்கோங்கோ. அதுதான் பெரிசா இருக்கு."

எப்படியோ ஓட்டை அடைபட்டது. அடைத்த இடம் மட்டும் முகத்தில் பருத்த பரு மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது. அதையும், மற்ற இடங்களில் உரிந்து நின்ற பழைய பூச்சையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பெயின்ட் அடித்தால் முடிந்தது. யுகாதிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். டெம்போவுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆபீஸில் நாலு பேரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்தும் ஆகிவிட்டது.

"தண்ணி தொட்டுத் தேய்ங்கோ. தூசி பறக்காது" என்றாள் கனகலக்ஷ்மி.

"நீ குழம்பைப் பாரு."

"கண்ணாடித் தூசின்னா அது."

"என் மேலே படாதபடி ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

ஏற்பாடு இதுதான்: ஷெட்டின் பின்கதவைத் திறந்துவைத்தார். தமக்குப் பின்னால் டேபிள் ஃபேனை வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டார். அவர் தேய்க்கத் தேய்க்க, தூசி அவரைத் தொடாமல் மேகம் மாதிரிக் கிளம்பிப் பின்கதவு வழியே வெளியேறியது. பின்கதவுக்கு நேரே காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தேவம்மாவின் கொடி. கொடியில் அந்த வீட்டுத் துணி மொத்தமும்.

மறுநாள் காலை மார்க்கெட் சர்க்கிளில் பசவராஜ் வெள்ளைச் சட்டையில் டியூட்டிக்கு நின்றார். கொஞ்ச நேரத்தில் இடது அக்குளில் அரித்தது. கையைத் தூக்கினார். ஸ்ரீரங்கப்பட்டணம் போகிற பஸ் நின்றது. முதுகில் அரித்தது. கையைப் பின்னால் வளைத்தார். இரண்டு ஆட்டோக்கள் வந்த வழியே திரும்பின. கழுத்து, விலா, தொடை என்று எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் அரிக்க ஆரம்பித்தபோது, மார்க்கெட்டைச் சுற்றி நாலு திசையிலும் வண்டிகள் அவர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றன.

மத்தியானம் அவர் காம்பவுண்டு சுவர்மேல் முளைத்தார். கண் சிவந்திருந்தது. கழுத்தும்தான்.

"சார்! எங்க மனேல எல்லாருக்கும் அரிப்பு! தேவம்மா சொறியறா, அத்தை சொறியறாங்க, நான் ரோட்டுல நின்னு சொறியறேன். எவனோ ஏதோ பண்ணிருக்கான். எவன்னு மட்டும் தெரியட்டும், முட்டிக்கு முட்டி..." பாக்கியைக் கையால் சொன்னார்.

சுதர்ஷன் குனிந்து தம் கைகளைப் பார்த்தார். அவர் கைகளிலும் திட்டுத்திட்டாகச் சிவந்துதான் இருந்தது. தூசி அவரையும் முழுக்க விட்டுவிடவில்லை. அந்தக் கைகளைப் பார்த்த மாத்திரத்தில் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது. பங்குனி வெயில். சிவப்புத் தடிப்பு. பக்கத்து வீட்டுக்கும் பரவியிருக்கிறது. போலீஸ்காரர் தடியைத் தூக்காமல் கும்பிடக்கூடிய ஒரே ஒரு ஆசாமி...

"பசவராஜ் சார், இங்கே பாருங்கோ என் கையை." குரலைத் தழைத்தார். "அம்மை மாதிரின்னா இருக்கு!"

பசவராஜ் சட்டென்று செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்திருக்காளா? அய்யோ, தெரியாம வாய்க்கு வந்தது பேசிட்டேனே! தப்பாயித்து தாயீ!" சுவருக்குப் பின்னால் மறைந்தார். அவர் கோபமும் கூடவே மறைந்தது.

சுதர்ஷன் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரும்பினார். சமையலறை வாசலில் கனகலக்ஷ்மி கையில் காபி டம்ளரோடு நின்றிருந்தாள்.

"அம்மையா?" என்றாள்.

"அது வந்து..."

"அம்மைன்னா முன்னாடியே சொல்லப்படாதோ? காபி கூடாதே!"

டம்ளர் உள்ளே போய்விட்டது. சற்று நேரத்தில் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. ஹாலில் பாய். பாய்மேல் வெள்ளை வேஷ்டி. வேஷ்டிமேல் வேப்பிலை. வேப்பிலைமேல் சுதர்ஷன்.

"கனகம், கொஞ்சம் கிட்ட வா. இது அம்மை இல்லை."

"ஷ்! அப்படிச் சொல்லப்படாது."

"ஃபைபர் தூசிடீ! நேத்து உப்புத்தாள் போட்டேனே, அது!"

"அப்படியா? அதைச் சொல்றதுதானே! பாவம், அவர் அங்கே பயந்துண்டிருக்கார்." கனகலக்ஷ்மி ஜன்னல் பக்கம் போனாள். "பசவராஜ் சா..."

"வேண்டாம்! வேண்டாம்! அம்மைதான்!"

"நன்னாத் தெரியுமா?"

"நன்னாத் தெரியும்."

"அப்போ படுங்கோ."

படுத்தார். அம்மை போட்ட வீட்டுக்குச் சட்டம் உண்டு. தாளிதம் கூடாது, எனவே மோர் சாதம். சூடு கூடாது, எனவே ஆறின ராகிக் கஞ்சி. சவரம் கூடாது, சீப்பு கூடாது, வெளியே போகவோ வெளி ஆள் வரவோ கூடாது. ஆபீசுக்கு அவளே போன் பண்ணிச் சொன்னாள். "மெதுவா வரட்டும், வராட்டாலும் பரவாயில்லை" என்று அங்கேயிருந்து பதில் வந்தது.

"ஷெட்டுக்கு மட்டும் ஒரு நடை போயிட்டு வந்துடறேனே. பெயின்ட்தான் பாக்கி."

"பெயின்ட் நெடி அம்மாவுக்கு ஆகாது."

"தேய்க்கவாவது தேய்க்கறேன்."

"அம்மை போட்ட ஆத்துல உரசற சத்தம் கேக்கப்படாது."

"அப்போ இருக்கற கோலத்திலேயே டெம்போவில ஏத்தி அனுப்பிடறேன். மிதந்தா போறாதா?"

"அம்மை போட்ட ஆத்துலேர்ந்து ஒரு துரும்பு வெளியே போகலாமோ? உப்பு கேட்டாக்கூடக் குடுக்க மாட்டா. படகைக் குடுப்பாளா?"

இரண்டே நாளில் தடிப்பு அடங்கிவிட்டது. சுதர்ஷன் உற்சாகமாக எழுந்து உட்கார்ந்து கைகளை நீட்டிக் காட்டினார்.

கனகலக்ஷ்மி உற்றுப் பார்த்தாள். முகம் வாடியது. "வெளியே தெரியலையே. உள்ளே இறங்கிடுத்து போலிருக்கு. அதுதான் ரொம்ப மோசம்." வேப்பிலையை இன்னும் கொஞ்சம் பரப்பினாள். புது இலையைச் சுவர் வழியாகத் தேவம்மாதான் கட்டுக்கட்டாக அனுப்பிக்கொண்டிருந்தாள். "உங்க மனேல எல்லாருக்கும் எப்படி இருக்கு?" என்று சுதர்ஷன் படுத்த இடத்திலிருந்தே ஈனசுரத்தில் விசாரித்தார். "எங்களுக்கு இறங்கிட்டா சார்" என்றாள் தேவம்மா. "உங்ககிட்டத்தான் அம்மாவுக்குப் பிரியம் ஜாஸ்தி."

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் விடவேண்டும். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. நடுவில் நாள் பார்க்க வேண்டும். கனகலக்ஷ்மி பஞ்சாங்கத்தை விரித்தாள். சுதர்ஷனின் போதாத காலம், பார்த்த நாளெல்லாம் அஷ்டமியாகவும் நவமியாகவும் பரணியாகவுமே இருந்தது. முதல் தண்ணீர் விட்டு, இரண்டாவது தண்ணீர் விட்டு, மூன்றாவது எப்போது என்று கேட்டார்.

"யுகாதிக்கு மறுநாள். அன்னிக்குத்தான் நன்னாயிருக்கு."

யுகாதியன்று ஊரெல்லாம் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து தின்றது. சுவர் வழியாகத் தேவம்மா கொடுத்த கிண்ணத்திலிருந்து கனகலக்ஷ்மி வெல்லத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். "வெல்லம் சூடு. உங்களுக்கு ஆகாது." பத்து நாளாக வேப்பிலைமேல் புரண்டவர் வேப்பம்பூவை மென்றுகொண்டே, ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் ஆபீஸ் நண்பர்கள் வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்துக்கொண்டார். காவேரி ஓடிக்கொண்டிருந்தது. படகு ஷெட்டில் இருந்தது.

மறுநாள் மூன்றாம் தண்ணீர் முடிந்து, தலையில் மஞ்சள் சொட்டச் சொட்ட அவர் ஷெட்டுக்கு ஓடினார்.

ஷெட்டில் படகு இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. எதிரே கரும்பலகை. நாலு பெஞ்சு. முதல் பெஞ்சில் தேவம்மா, புதுப் புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக. பின்னால் அந்த வீட்டு அத்தை லிங்கம்மா, அவளுக்குப் பின்னால் அடுத்த தெருவே உட்கார்ந்திருந்தது.

"படகு எங்கே?"

"மாமரத்தடியில இருக்கு. எங்கேயும் போகலை" என்றாள் கனகலக்ஷ்மி, கையில் சாக்பீஸோடு. "யுகாதி நேத்தோட போயாச்சு. அதான் வெளியே எடுத்து வச்சேன். ஆற அமர, தண்ணி தொட்டுத் தேய்ங்கோ."

"சார், எழுந்துட்டீங்களா?" தேவம்மா எழுந்து நின்றாள். "எங்க எஜமானருக்கு ஒரே சிரிப்பு சார். அன்னைக்கே அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. துணியெல்லாம் ரெண்டு தடவை உதறி அலசினோம், குளிச்சோம், சாயங்காலமே அரிப்பு நின்னுடுச்சு. ஃபேன் வச்சு ஊதினீங்களாமே!"

"பசவராஜுக்குத் தெரியுமா? கோபமில்லையா?"

"முதல்ல தடியை எடுத்தாரு. நீங்க வேப்பிலைமேல படுத்திருக்கறதை ஜன்னல்ல பார்த்ததும் கீழே வச்சிட்டாரு."

சுதர்ஷன் மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். பத்து நாள் ராகிக் கஞ்சி மொத்தமும் தொண்டைக்கு வந்தது.

"அப்போ உனக்கு அன்னிக்கே தெரியும், அம்மை இல்லேன்னு? நான் தூசின்னு சொல்றதுக்கு முன்னாடியே?"

கனகலக்ஷ்மி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, வகுப்பே கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்:

"அம்மை ஒருத்தருக்கு ரெண்டு தடவை போடுமான்னா? சின்ன வயசுல போட்டு மூக்கு நுனியில இவ்வளவு பெரிய தழும்பு விட்டுட்டுப் போயிருக்கே, அதைப் பார்த்துத்தானே பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே நான் உங்களை வேண்டாம்னு சொன்னேன்!"