எமரின் துணை

ஆட்டோவின் முதுகில் குலதெய்வத்தின் பெயரை எழுதியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பெற்ற பிள்ளைகளின் பெயரை எழுதியவர்களையும் பார்த்திருப்பீர்கள். ஒரு புரதத்தின் பெயரை எழுதி, பக்கத்தில் ‘துணை’ என்றும் சேர்த்துக்கொண்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பூந்தமல்லி – ஆவடி ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியின் பின்னால் மஞ்சள் எழுத்தில் ‘எமரின் துணை’ என்றிருக்கும். அப்பா அம்மா அவருக்கு என்ன பெயர் வைத்தார்களோ, எங்களுக்குத் தெரியாது. எமரின் அண்ணாத்தே, அவ்வளவுதான்.

எமரின் என்பது அவர் மகள் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். பாப்பா என்ன படிக்கிறது என்று ஒருநாள் மரியாதைக்குக் கேட்டும் வைத்தேன்.

“பாப்பா இல்ல நைனா, புரோட்டீனு. ஒன் ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு ரூம் கீது. அதைச் சுத்தி சவ்வு கீது. அந்தச் சவ்வைப் புடிச்சிக்கினு நிக்கிறவன்தான் எமரின். உள்ள எந்த ஜீன் பேசணும், எது வாயை மூடணும்னு பாத்துக்கிறதும் அவன்தான். அவன் இல்லேன்னா மொதல்ல கை முட்டி மடங்கிக்கும். அப்புறம் ஹார்ட்டு லைன் கட்டு.”

இதைச் சொல்லிக்கொண்டே ஒரு தண்ணி லாரியை இடதுபக்கமாக முந்தினார். நான் எதற்கு அதிர்வது என்று தெரியாமல் ஆவடி வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய அடுத்த விசேஷம், போனில் காசு வாங்க மாட்டார். பூக்கடை, இளநீர் வண்டி, கோயில் வாசல் என்று எங்கே பார்த்தாலும் கியூஆர் அட்டை தொங்குகிற காலம் இது. இவர் வண்டியில் மட்டும் ரொக்கம். அதுவும் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. அவரவர் காசை அவரவரே, முழங்கை நேராகும்படி நீட்டித் தர வேண்டும். அவர் கண்ணாடியில் பார்ப்பார். கை கொஞ்சம் மடங்கியிருந்தாலும் வாங்க மாட்டார். “நல்லா நீட்டு” என்பார். ஒருமுறை ஆவடி கேம்ப்புக்குப் போகிற வடநாட்டு ஜவான் ஒருவர், பாஷை புரியாமல், இரண்டு கையையும் தூக்கிச் சரணடைந்தே விட்டார். அண்ணாத்தே இரண்டு முழங்கையையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

இந்த வேடிக்கையைக் காட்டத்தான் குமரனைக் கூட்டிப்போனேன். குமரன் கரூர்க்காரன், பாரிவாக்கத்தில் என்னோடு ஒரே ஃபிளாட்டில் இருந்தான். அம்பத்தூர் ஆபீசுக்கு எப்போதும் பைக்கில் போகிறவன். அன்றைக்குப் பைக் மெக்கானிக்கிடம் இருந்தது. அவன் கைகளைக் கொஞ்சம் மடக்கி, குதிகால் தரையில் படாமல் நடப்பான். ‘ஜிம் பாடி’ என்று பெயர் வைத்து, ஆபீஸ் பார்ட்டியில் அப்படியே நடந்து காட்டிக் கைதட்டல் வாங்கியவன் நான்தான். மூன்று மாடி ஏறினால் அவனுக்கு மூச்சு வாங்கும். அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன்.

குமரன் கடைசி சீட்டிலிருந்து காசை நீட்டினான். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

“நீட்டு நைனா.”

“அவ்வளவுதான் வருங்க. சின்ன வயசிலிருந்தே இப்படித்தான்.”

வண்டி நின்றது. அண்ணாத்தே இறங்கி வந்தார். குமரனின் முழங்கையைத் தடவினார், காலைப் பார்த்தார், மயக்கம் வருமா என்று கேட்டார். எப்போதாவது என்றான் குமரன். அடுத்த நிமிஷம் வண்டி மெயின் ரோட்டை விட்டுத் திரும்பிப் பறந்தது. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஃபேக்டரிக்காரர் கத்தினார். பூக்கூடை அம்மா போலீசைக் கூப்பிடச் சொன்னார். எங்கள் ஏழு பேரையும் சேர்த்துக் கடத்திக்கொண்டு போய் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார் மனிதர்.

நெஞ்சு வலியா என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்றான் குமரன். கை நீளவில்லை என்றார் அண்ணாத்தே. அதற்கு எலும்பு டாக்டர் மாடியில் இருக்கிறார் என்று நர்ஸ் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“எலும்பு வேணாம்மா. ஒரே ஒரு ஈசிஜி எடு. ஒண்ணும் இல்லேன்னா ஒங்க கால்ல வுழுந்துட்டுப் போறேன்.”

அவரை வெளியே அனுப்புவதைவிட ஈசிஜி எடுப்பது சுலபம் என்று நர்ஸ் நினைத்திருக்க வேண்டும். எடுத்தார். காகிதத்தைப் பார்த்தவர், நடந்து வந்த குமரனை எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினார். நிமிஷத்துக்கு முப்பத்துநான்கு துடிப்பு. இதயத்தின் மேல்பாதி சொல்வது கீழ்பாதிக்குப் போய்ச் சேரவில்லை, எந்த நேரமும் நின்றிருக்கலாம் என்றார் டாக்டர். அன்றைக்கே பேஸ்மேக்கர் வைத்தார்கள். சில வாரம் கழித்து ஜீன் ரிப்போர்ட் வந்தது. அதில் அந்த மஞ்சள் எழுத்துப் பெயர்தான் இருந்தது.

எப்படித் தெரியும் என்று, ஈசிஜி எடுத்த அன்றே ஆஸ்பத்திரி வாசலில் அண்ணாத்தேயைக் கேட்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எந்தம்பி இப்பிடித்தான் கையை மடக்கிகினே நிப்பான். இருபத்தொம்போது வயசு. ஷோக்கா நிக்கிறான்டானு நான் கிண்டல் பண்ணிகினு இருந்தேன். ஒரு நாள் காலைல டீ குடிச்சிகினு இருந்தவன் அப்பிடியே போய்ட்டான். அப்புறம் எங்கக்கா புள்ளைக்கும் கை மடங்கிச்சு. அப்பதான் டாக்டரு படம் போட்டுச் சொன்னாரு. புள்ள நல்லா கீறான். தம்பிதான்...”

அந்தப் படம் மடித்தபடி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. ‘ஜிம் பாடி’ என்று பெயர் வைத்த நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குப் பட்ட வெட்கம் போதும், இந்த ஜன்மத்துக்கு.

இரண்டு மாதம் கழித்துக் குமரன் மறுபடி ஆபீஸ் கிளம்பினான். பைக்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஷேர் ஆட்டோதான். அதே கடைசி சீட்டு. அவன் காசை நீட்டினான். கை அதே இடத்தில் நின்றது. இதயத்துக்கு மெஷின் வைக்கலாம், முழங்கை மடங்கியது மடங்கியதுதான்.

‘நல்லா நீட்டு’ என்று அண்ணாத்தே சொல்லவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, எங்கள் எல்லோர் தலைக்கும் மேலாகத் தன் கையை முழுசாக நீட்டி, குமரனிடமிருந்து அந்தக் காசை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் நான் பாக்கெட்டில் சில்லறை வைத்துக்கொண்டு அந்த வண்டிக்காகத்தான் காத்திருக்கிறேன்.