இரண்டு தட்டும் சரியாகத்தான் நகர்கின்றன

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இவ்விடம் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நீங்களும் மகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள். உங்கள் மாமியார் அங்கே வந்து நாற்பத்தோரு நாளாகிறது, அவளும் நலமாகத்தான் இருப்பாள்.

போன வாரம் போனில், வீடே கேட்க, "மாமா, ரெண்டு தட்டும் ஒரே பக்கம் போகுதா, பாருங்க" என்று சிரித்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். நீங்கள் ஆய்வுக்கூடத்து ஆள். நான் முப்பத்திரண்டு வருஷம் பெயின்ட் கம்பெனியில் கலவைத் தொட்டி பார்த்தவன். கம்ப்யூட்டரில் கணக்கு எழுத நானே புத்தகம் பார்த்துக் கற்றவன். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பெட்டி கட்டி, எண்ணெய், தண்ணீர், கொஞ்சம் சோப்பு மூன்றையும் எண்களாக அதற்குள் விட்டிருக்கிறேன். பெட்டியின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் எதிரெதிராக இழுக்க, நடுவில் மாட்டிய எண்ணெய் நூலாய் நீண்டு துளித்துளியாய் உடைய வேண்டும். துளிகள் மறுபடி ஒட்டாமல் சோப்பு காவல் நிற்க வேண்டும். உடையவில்லை. சோப்பை இரண்டு மடங்காக்கினேன். தட்டின் வேகத்தைப் பத்து மடங்காக்கினேன், எண்ணெய் உருண்டை பத்து மடங்கு வேகமாக ஓடியதே தவிர, ஒரு கீறல் விழவில்லை. இதுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? ராப்பகலா ஓடுற கம்ப்யூட்டர் மிஷின் சூடாகுதுன்னு இருந்த ஒரே ஃபேனையும் அது பக்கம் திருப்பினேன், மிக்ஸி போட்டா ஃபியூஸ் போகுதுன்னு மிக்ஸியைத் தூக்கிப் பரண்ல வச்சேன், உடனே உங்க மாமியார் "அந்த எண்ணெய் உடையறதுக்குள்ள நான் உடைஞ்சிடுவேன்"னு துணிமணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா, மிஷினை நிறுத்தினாத்தான் வருவாளாம், நிறுத்த மாட்டேன்னுட்டேன், இப்ப அந்த உருண்டை திரையில வலது ஓரத்துல மறையுது, இடது ஓரத்துல வருது, நான் உட்கார்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன், இத்தனை தடவை போகுதே, சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்குதா?

ஆகவே, தட்டுகளில் கோளாறு இல்லை. உங்கள் மாமியார் காதுபடச் சொன்னதை அவள் முன்னாலேயே நீங்கள் திரும்பப் பெற வேண்டும். எண்ணெய் உடையும்வரை மிஷின் நிற்காது. இதில் மாற்றமில்லை.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கும் உண்டு, மன்னிப்புக் கேட்ட பிறகு.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: கவரை ஒட்டுமுன் சும்மா ஒரு தடவை தட்டுக் கணக்கைப் பார்த்தேன். இரண்டு தட்டும் ஒரே பக்கம்தான் போகின்றன. நாற்பத்தோரு நாளும் எண்ணெய் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த மாதிரி சொகுசாகப் பயணம் செய்திருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டேன். உங்கள் மாமியாரிடம் ஃபியூஸ் போய்த் தானாக நின்றது என்று சொல்லவும். மிக்ஸியை இறக்கிவிட்டேன். ஃபேன் அவள் கட்டில் பக்கம் திரும்பியிருக்கிறது. இதைக் கட்டாயம் சொல்லவும்.