துரை பார்க்க வந்த சந்து

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசாதவன் நிறைய யோசிப்பான் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். என் விஷயத்தில் அது பொய். சொல்ல ஒன்றும் இல்லாததால் பேசாமல் இருந்தேன். அந்த நம்பிக்கையால் ஒரு சந்தே இரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம். மலாக்காவில், காஜா பெராங்கில் பதினொரு பலகை வீடுகள் உள்ள ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு ரப்பர் கடையில் ஷீட்டு அடுக்கும் வேலை. படிப்பு, ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு (இரண்டு முறை). சந்துக்குக் குழாய் கிடையாது. பெரிய சாலை முனையில் ஒன்று உண்டு. வரிசையில் நின்று பிடித்து, வாளியில் தூக்கி வர வேண்டும். தூக்கியது என் மனைவி அஞ்சலை. சந்தின் நடுவே மண் சாக்கடை. மழை பெய்தால் அது வீட்டுக்குள் வரும். போகச் சொன்னாலும் போகாது.

அப்போது நகராட்சிக்காரர்கள் ஊர் மண்டபத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். எங்கள் பகுதியைச் சீர்படுத்தப் போகிறார்களாம். குழாய், சிமெண்டுச் சாக்கடை, தெருவிளக்கு. ஆனால் முதலில் ஒரு சந்துக்குத்தான். எந்தச் சந்து என்று தீர்மானிக்க அதிகாரிகள் நேரில் வருவார்கள், ஜனங்களிடம் கேட்பார்கள், சந்துக்கு ஒருவர் பேச வேண்டும்.

ஜனங்களிடம் கேட்பார்கள் என்பதுதான் புதுசு. அதுவரை எங்களை யாரும் எதுவும் கேட்டதில்லை.

யார் பேசுவது என்று முடிவு செய்ய அபாங் தேவா வீட்டில் கூடினோம். அவர் மலாக்காச் செட்டி. பல தலைமுறையாக இந்த ஊர். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அவரை எல்லாரும் அபாங் என்போம், அண்ணன் என்கிற மாதிரி.

"சடையன் பேசட்டும்," என்றார் மலாயில், என்னைக் காட்டி. "இவன் வாயத் தொறந்து யாரும் பாத்ததில்ல. தொறந்தா அதிகாரி கட்டாயம் கேப்பான்."

"தொறக்காமலே வச்சிருந்து துருப்பிடிச்சுப் போச்சு அபாங்," என்றாள் அஞ்சலை. அவள் சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குப் பாடம் நடந்தது.

"மூணே மூணு. குழாய் இல்ல. சாக்கடை சரியில்ல. மழைத்தண்ணி வூட்டுக்குள்ள வருது. சொல்லுங்க."

சொன்னேன்.

"மறந்தா விரலப் பாருங்க. மூணு விரலு."

இதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அதன் பிறகு நான் சொந்தமாக யோசித்தேன்.

நான் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். பெரிய துரை லயம் பார்க்க வருகிறார் என்றால் மூன்று நாள் முன்பே கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, வந்து கத்துவார். கூட்டுவோம், சுண்ணாம்பு அடிப்போம், சாக்கடை வெட்டுவோம். துரை தொப்பியோடு வருவார், குச்சியால் ஒரு பானையைத் தட்டுவார், போவார். ஒரு வீடு அழுக்காக இருந்தால் அந்த வீட்டுக்காரன் கதை அன்றோடு முடிந்தது. பதினொரு வீட்டில் எட்டு வீடு இப்படித் தோட்டத்திலிருந்து வந்தவைதான். அதனால் "துரை வர்றாரு, சந்தச் சுத்தம் பண்ணணும்" என்று நான் சொன்னபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மண்வெட்டியோடு வந்துவிட்டார்கள்.

மூன்று நாள். சாக்கடையில் பல வருஷத்துச் சேற்றை அள்ளினோம். கரையில் சுண்ணாம்பு அடித்தோம். பலகைச் சுவர்களைத் தேய்த்துக் கழுவினோம். அபாங் தேவா தன் பூச்சட்டிகளைச் சந்து நெடுக வைக்கக் கொடுத்தார், சந்தேகத்தோடு. காலிப் பானை அசிங்கம் என்று எல்லா வீட்டுப் பானையையும் கழுத்துவரை நிரப்பச் சொன்னேன். (நிரப்பியது பெண்கள்.)

அஞ்சலை கடைசி வாளியை இறக்கிவிட்டுக் கேட்டாள்.

"நம்ம கஷ்டத்தக் காட்டப் போறமா, இல்ல பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"துரை வர்றாரு," என்றேன். அதற்கு மேல் விளக்கம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர், கையில் காகிதத்தோடு ஒரு மலாய்க்காரக் கிராணி. நல்ல வெயில். ஒரு வாரமாக மழையும் இல்லை. சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இஞ்சினியர் குனிந்து பார்த்தார். அதில் அவர் முகம் தெரிந்திருக்கும்.

கிராணி என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். "அபாங், இங்க உங்களுக்கு என்ன கஷ்டம்? பயப்படாமச் சொல்லுங்க."

நான் விரலைப் பார்க்க வேண்டும். ஆனால் இஞ்சினியர் தலையில் தொப்பி இருந்தது. அதைப் பார்த்ததும் என் கால் இரண்டும் தானாகச் சேர்ந்தன. கை முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. மூன்று விரலும் அதோடு போய்விட்டன.

"பாகுஸ், துவான்," என்றேன். எல்லாம் நல்லா இருக்கு ஐயா என்று அர்த்தம்.

கிராணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தண்ணி?"

"இருக்கு, துவான்." (இருந்தது. கழுத்துவரை.)

"மழை பெஞ்சா?"

"மழை நல்லாப் பெய்யுது, துவான்."

அபாங் தேவா பின்னாலிருந்து, "துவான், மழை பெஞ்சா வீட்டுக்குள்ள..." என்று ஆரம்பித்தார். சந்துக்கு ஒருவர்தான் பேசலாம் என்று கிராணி கையைக் காட்டினார். எழுதிக்கொண்டார். இஞ்சினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளைக்காரன் கை என் கையில் பட்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது அஞ்சலை தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். அவள் கிளாஸை வைத்த சத்தத்தில் பெருமை போய்விட்டது.

அடுத்து அவர்கள் போனது பின்சந்துக்கு. அங்கே பேசியவன் கருப்பையா. அவனும் தோட்டத்துக்காரன்தான், ஆனால் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டவன். அவன் ஒரு துரும்பைக்கூடக் கூட்டவில்லை. சாக்கடைமேல் கிடந்த நடைப்பலகையை மட்டும் காலையில் எடுத்து உள்ளே வைத்துவிட்டான். இஞ்சினியர் கணுக்கால்வரை இறங்கினார். கருப்பையா வாயே திறக்கவில்லையாம்.

இரண்டு வாரத்தில் மண்டபத்தில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் இடம் பின்சந்து. எங்கள் சந்து கடைசி. பக்கத்தில் 'மாதிரிச் சந்து' என்று ஒரு குறிப்பு.

அது சும்மா குறிப்பு இல்லை. புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்து வந்து எங்கள் சந்தைக் காட்டினார்கள், ஜனங்கள் நினைத்தால் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று. பிறகு உஜோங் பாசிரிலிருந்து இன்னொரு கூட்டம். ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்தோம். துரைமார் வருகிறார்களே.

அந்த வருஷக் கடைசியில் மழை பிடித்தது. தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால்வரை வந்தது. சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி வந்தது. அஞ்சலை கட்டில்மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். நான் சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தேன்.

"மழை நல்லாப் பெய்யுதா?" என்று கேட்டாள்.

"பெய்யுது," என்றேன்.

மறுநாள் வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். சண்டை ஒன்றும் இல்லை. எங்கள் சந்துக்குக் குழாய் வர இரண்டு வருஷம் ஆனது. அதுவரை எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கியவன் நான். வரிசையில் ஒரே ஆம்பிளை. பின்சந்துக் குழாயடியைத் தாண்டித்தான் போக வேண்டும். கருப்பையா அங்கே பல் விளக்கிக்கொண்டு, "பாகுஸா, துவான்?" என்பான். நானும் தலையாட்டுவேன்.

இப்போது அது எங்கள் வீட்டில் பேச்சாகிவிட்டது. சாம்பாரில் உப்பு இல்லை என்றால் பேரப்பிள்ளைகள் "பாகுஸ், துவான்" என்கிறார்கள்.

போன மாசம் மகள் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அஞ்சலையும் வந்தாள். நான் குளித்து, முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். டாக்டர் சின்னப் பையன், தமிழ்ப் பையன்தான்.

"என்ன செய்யுது தாத்தா?"

என் கால் இரண்டும் சேர்ந்தன. "ஒன்னுமில்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கு."

அஞ்சலை என் வேட்டியை முழங்காலுக்கு ஏற்றினாள்.

"இது சுத்தம் பண்ணிக் கூட்டிட்டு வந்த சந்து, டாக்டர். அவரக் கேக்காதீங்க. கால அமுக்கிப் பாருங்க, உள்ள தண்ணி நிக்குது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. படுத்தாத் தூக்கமில்ல." மூன்று விரல் மடக்கிச் சொன்னாள்.

டாக்டர் அமுக்கினார். குழி விழுந்தது, அப்படியே நின்றது. மூன்றையும் எழுதிக்கொண்டார்.